வெயில் காலத்துல டயர் காத்தைக் குறைக்காதீங்க

சித்திரை பொறந்தா எங்க ஊர்ல ரெண்டு விஷயம் தவறாம வரும். ஒண்ணு நுங்கு வண்டி. இன்னொண்ணு வாட்ஸ்அப்ல ஒரு அறிவுரை.

"வெயில் அதிகம். கார் டயர்ல காத்தை ரெண்டு மூணு பாயிண்ட் குறைச்சு வைங்க. இல்லன்னா சூட்டுல வெடிச்சிரும்."

இந்த வருஷமும் வந்துச்சு. சொந்தக்காரங்க குரூப்ல, தெரு குரூப்ல, பசங்க ஸ்கூல் குரூப்ல. எல்லாரும் கும்பிடு போட்டு நன்றி சொல்லியிருந்தாங்க. எனக்குச் சுர்ருன்னு ஏறிடுச்சு.

லீவு விட்டதும் குடும்பத்தோட கார்ல கிளம்புற மாசமே இதுதான். பின்சீட்டுல பசங்க, நடுவுல அத்தை, டிக்கி நிறைய பை. ரோடு கொதிக்குது, நாலுவழிச் சாலைல வண்டி 100-ல போகுது. இந்த நேரத்துல போய் டயர்ல காத்தைக் குறைக்கச் சொல்றாங்க. எது நடந்துடக் கூடாதுன்னு பயப்படுறாங்களோ, அதுக்கு வழி பண்ணிக் குடுக்கற யோசனை இது.

(நான் இருக்கறது நாமக்கல். லாரி, பாடி கட்டுற பட்டறை, ரீட்ரெடிங் கடைன்னு திரும்பின பக்கமெல்லாம் டயர் பேச்சுதான். அதனால இந்த விஷயத்துல எனக்குக் கோவம் கொஞ்சம் கூடுதலாவே வரும்.)

எங்க மாமனார் பல வருஷம் லாரி ஓட்டினவர். அவரும் இதையேதான் சொல்லுவார்.

"வெயில் இப்பிடிக் கொளுத்துது கண்ணு, ரெண்டு பாயிண்ட் எறக்கிப் போடு."

மாமா சொல்றதை வாட்ஸ்அப் மெசேஜ் மாதிரி ஒதுக்க முடியாது. டயரைப் பத்தி அவருக்குத் தெரிஞ்சதுல கால்வாசி எனக்குத் தெரியாது. டீக்கு நிறுத்தற இடத்துல எல்லாம் இரும்புக் கம்பியால ஒவ்வொரு டயரையும் தட்டிப் பாத்துட்டுத்தான் திரும்ப ஏறுவாராம். லாரில பின்னாடி ரெண்டு ரெண்டு டயரா ஜோடியா இருக்கும் இல்லியா? அதுல ஒண்ணுல காத்து இறங்கிப் போனாலும் பக்கத்து டயர் பாரத்தைத் தாங்கிக்கும். கண்ணால பாத்தாத் தெரியாது. தட்டினா சத்தம் சொல்லிடும். நல்லா இருந்தா 'டங்'குனு கேக்கும், இறங்கியிருந்தா 'தொப்'புனு கேக்கும்.

அவர் காலத்து டயர் வேற, டியூப் வேற, ஏத்தின பாரம் வேற. அந்த அனுபவத்துல வந்த பேச்சு அது. அதனால வாய்ல வாதாடாம அளந்து காட்டலாம்னு முடிவு பண்ணேன்.

காலைல ஆறு மணி. வண்டி ராத்திரி முழுக்க போர்டிகோல நின்னுருக்கு. கேஜ் வச்சுப் பாத்தோம். நாலு டயர்லயும் 33 பாயிண்ட், அதாவது 33 psi. எங்க வண்டிக்குக் கம்பெனி சொல்ற அளவும் அதேதான்.

அன்னிக்கு ஒரு வேலையா சேலம் போக வேண்டியிருந்துச்சு. மாமாவும் வந்தார். மத்தியான வெயில்ல திரும்பி வந்து நிறுத்தின உடனே மறுபடி கேஜ் வச்சேன். 37, 38.

"பாத்தியா கண்ணு, ஏறிருச்சு பாரு. இதுக்குத்தான் சொன்னேன்."

ஏறும் மாமா. ஏறத்தான் செய்யும். ஓடுற டயர் சூடாகும், உள்ள இருக்கற காத்து விரியும், நாலஞ்சு பாயிண்ட் கூடும். இது வண்டி பண்ணவங்களுக்கும் டயர் பண்ணவங்களுக்கும் நல்லாத் தெரியும். அந்தச் சூட்டுக் கணக்கை எல்லாம் சேத்துப் பாத்துட்டுத்தான் "டயர் ஆறியிருக்கும்போது 33"ன்னு எழுதி வச்சிருக்காங்க. எங்க டயரோட பக்கச் சுவத்துல அதிகபட்சம் 44னு அச்சடிச்சிருக்கு. அதுவே ஆறின டயருக்குச் சொல்ற அளவுதான். அப்புறம் 38-ஐப் பாத்து எதுக்குப் பயப்படணும்?

மாமா கேஜை வாங்கி அவரே இன்னொரு தடவை வச்சுப் பாத்தார். ஒண்ணும் சொல்லல.

சரி, அப்ப டயரை வெடிக்க வைக்கறது எது?

சூடுதான். அதுல மாமா சொல்றது முழுக்கச் சரி. ஆனா வெயில்ல இருந்து வர்ற சூடு அதுல ஒரு பங்குதான். டயர் வளையறதால உள்ளயே பிறக்கிற சூடுதான் ஆளைக் கவுக்கறது. காத்து கம்மியா இருந்தா, ரோட்டைத் தொடற இடத்துல டயர் அமுங்கும், பக்கச் சுவர் பிதுங்கும், அந்த இடம் மேல போனதும் நிமிரும். நம்ம மாதிரி சின்னக் கார்ல 80 கிலோமீட்டர் வேகத்துல ஒரு டயர் ஒரு விநாடிக்குப் பதினொண்ணு, பன்னண்டு தடவை சுத்தும். ஒவ்வொரு சுத்துக்கும் அமுங்கி நிமிரணும். மணிக்கணக்கா.

இதை மாமாகிட்டச் சொன்னப்ப அவரே ஒரு உதாரணம் சொன்னார். "கட்டுக்கம்பிய ஒடிக்கறதுக்கு இப்பிடி அப்பிடி வளைப்போமே, அந்த எடம் சுடுமே, அது மாதிரியா?"

அதே மாதிரிதான். கம்பி மாதிரியே ஒரு கட்டத்துல விட்டும் போகும். ரப்பருக்கும் உள்ள இருக்கற நூல், கம்பி அடுக்குக்கும் நடுவுல இருக்கற பிடிப்பு விட்டுப்போயி, டயர் பிரிஞ்சு கிழியும். வெளிய இருந்து பாக்கற நமக்கு "வெயில்ல வெடிச்சிருச்சு".

இது ஏதோ நான் உக்காந்து யோசிச்ச விஷயம் இல்லீங்க. அமெரிக்காவுல இதுக்குப் பெரிய விலை குடுத்திருக்காங்க. 2000-ம் வருஷம் ஆகஸ்ட் மாசம் ஃபயர்ஸ்டோன் கம்பெனி 65 லட்சம் டயரைத் திரும்ப வாங்கிக்கறோம்னு அறிவிச்சாங்க. அதுல நிறைய டயர் ஃபோர்டு எக்ஸ்புளோரர் வண்டில ஓடினது. குடும்பங்க வாங்கற பெரிய வண்டி அது. ஓடிட்டு இருக்கும்போதே டயரோட மேல்பட்டை பிரிஞ்சு, வண்டி உருண்டு, 200 பேருக்கு மேல செத்துப்போனாங்க. அரிசோனா, டெக்சாஸ், ஃப்ளோரிடா, கலிஃபோர்னியா மாதிரி வெயில் மாநிலங்கள்லதான் இது அதிகம் நடந்துச்சு.

டயர்லயே குறை இருந்துச்சுன்னு விசாரணைல வந்துச்சு. அதை மறைக்கக் கூடாது. ஆனா கூடவே இன்னொரு சண்டையும் நடந்துச்சு. அந்த வண்டிக்கு ஃபோர்டு சொன்ன அளவு 26 பாயிண்ட். டயர் கம்பெனி 30 வைக்கணும்னு சொன்னாங்க. வெயில், வேகம், பாரம் மூணும் சேர்ற இடத்துல காத்து கம்மியா இருந்தா மிச்சம் பிடிக்க இடமே இல்லங்கறது டயர்காரங்க வாதம்.

நாலு பாயிண்ட் வித்தியாசம். அதுக்கு ஒரு தேசமே சண்டை போட்டிருக்கு. நாம ஃபார்வர்டு மெசேஜைப் படிச்சுட்டு மூணு பாயிண்ட்டைத் திறந்து விட்டுடறோம்.

அந்த வருஷமே அங்க சட்டம் கொண்டுவந்தாங்க. அதுல இருந்துதான் இப்ப நம்ம ஊர்ப் புதுக் கார்கள்ல வர்ற டயர் காத்து எச்சரிக்கை விளக்கு பரவுச்சு. (அந்த விளக்கு இருக்கறவங்க ஒண்ணு கவனிங்க. அமெரிக்க விதிப்படி காத்து 25 சதவீதம் குறைஞ்சாத்தான் அது எரியணும். அதாவது 33 இருக்க வேண்டிய டயர் கிட்டத்தட்ட 25-க்கு வந்தப்புறம். விளக்கு எரியலங்கறதை வச்சு காத்து சரியா இருக்குன்னு எடுத்துக்க முடியாது.)

இப்ப நம்பருக்கு வருவோம். இதுலதான் எனக்கு ரெண்டாவது கோவம்.

பெட்ரோல் பங்க்ல காத்து பிடிக்க நிக்கும்போது காதுல விழறதைக் கேளுங்க. "எவ்வளவு சார்?" "முப்பது போடுப்பா." அடுத்த வண்டி. "எவ்வளவுக்கா?" "நீயே பாத்துப் போடு." இன்னொருத்தர் கெத்தா "நாப்பது!" அவருக்கு மைலேஜ் வேணுமாம்.

நம்பர் உங்க வண்டிலயே ஒட்டியிருக்கு. டிரைவர் கதவைத் திறந்தா, கதவு வந்து மூடுற தூண்ல ஒரு சின்ன ஸ்டிக்கர் இருக்கும். சில வண்டில பெட்ரோல் மூடியோட உள்பக்கம் இருக்கும். முன் டயருக்கு எவ்வளவு, பின் டயருக்கு எவ்வளவு, ஆள் கம்மியா இருந்தா எவ்வளவு, முழு பாரம்னா எவ்வளவு. பெரும்பாலான சின்னக் கார்களுக்கு 30-ல இருந்து 35-க்குள்ள வரும். ஆனா அந்த வரம்புல உங்க வண்டிக்கு எதுன்னு ஸ்டிக்கர்தான் சொல்லணும். பக்கத்து வீட்டு வண்டி நம்பர் நமக்கு ஆகாது.

சில ஸ்டிக்கர்ல கேபிஏ கணக்குல 230னு போட்டிருக்கும். பயந்துடாதீங்க, 230ங்கறது 33 பாயிண்ட். 'பார்'னு போட்டிருந்தா 14.5-ஆல பெருக்கிக்கோங்க.

டயர் மேல அச்சடிச்சிருக்கற 44, 51 எல்லாம் அந்த டயர் தாங்கக்கூடிய உச்சம். போட வேண்டிய அளவு அது இல்ல. இதைப் படிச்சுட்டு அதையே போடச் சொல்ற ஆளுங்களை நான் பஞ்சர் கடைலயே பாத்திருக்கேன். காத்து அதிகமானா டயரோட நடுப்பட்டை மட்டும் ரோட்டைத் தொடும், நடுவுல மட்டும் தேயும், பிடிப்பு குறையும், சின்னக் குழிக்கே இடுப்பு கழண்டுடும். கம்மியானா ரெண்டு ஓரமும் தேயும். பழைய டயரை மாத்தும்போது ஒரு நிமிஷம் தேய்மானத்தை உத்துப் பாருங்க. அந்த வண்டி எப்படி வாழ்ந்துச்சுன்னு அதுல எழுதியிருக்கும்.

மைலேஜைப் பத்தி ஒரு வார்த்தை. காத்து கம்மியா இருந்தா பெட்ரோல் குடிக்கும்ங்கறது உண்மைதான். ஆனா அளவு சின்னது. நாலு டயர்லயும் ஒரு பாயிண்ட் குறைஞ்சா 0.2 சதவீதம் மைலேஜ் போகும்னு அமெரிக்க அரசாங்கக் கணக்கு. அஞ்சு பாயிண்ட் குறைஞ்சா ஒரு சதவீதம். அந்தக் காசுக்காக நான் காத்து பாக்கல. சுளையா அஞ்சாயிரம், ஆறாயிரம் குடுத்து வாங்கற டயருக்காகவும், அது மேல உக்காந்து வர்ற உயிருக்காகவும் பாக்கறேன்.

எப்ப பாக்கணும்ங்கறது நம்பர் அளவுக்கே முக்கியம். டயர் ஆறியிருக்கணும். குறைஞ்சது மூணு மணி நேரம் நின்னிருக்கணும், இல்ல ரெண்டு கிலோமீட்டருக்குள்ளதான் ஓடியிருக்கணும். காலைல வெயில் விழறதுக்கு முன்னாடி பாத்தா இன்னும் நல்லது. எங்க வீட்டுல கிழக்குப் பக்கம் பாத்த டயர் ரெண்டுலயும் எட்டு மணிக்கே மேக்குப் பக்க டயரை விட ஒரு பாயிண்ட் கூடக் காட்டும். வண்டி நகரவே இல்ல, வெயில் பட்டதுக்கே அது!

10 டிகிரி சூடு ஏறினா சுமார் ஒன்றரைப் பாயிண்ட் ஏறும், இறங்கினா அதே அளவு இறங்கும். அதனால வெயில் காலத்துக்குத் தனி நம்பர், குளிர் காலத்துக்குத் தனி நம்பர்னு வேண்டியதே இல்ல. அந்தந்த மாசத்துக் காலைல, ஆறின டயர்ல ஸ்டிக்கர் நம்பரை வச்சுட்டா, பருவத்தோட கணக்கு அதுக்குள்ளயே வந்துடும். மார்கழில 33 வச்சு அப்படியே விட்டவங்களுக்குச் சித்திரைல காத்து ஏறியிருக்கும்னு நினைக்காதீங்க. ஒரு குறையும் இல்லாத டயர்லயே மாசம் ஒரு பாயிண்ட் அளவுக்கு ரப்பர் வழியாவே கசிஞ்சு போகும். வெயில் குடுத்ததை விட அது எடுத்துட்டுப் போனதுதான் அதிகமா இருக்கும்.

இப்ப பங்க் சூழ்நிலையைப் பாருங்க. நீங்க அம்பது கிலோமீட்டர் ஓட்டிட்டு வந்து நிக்கறீங்க. டயர்ல 37 காட்டுது. தம்பி "அதிகமா இருக்குக்கா"ன்னு புஸ்ஸுனு திறந்து விட்டு 33-க்குக் கொண்டுவந்துடறார். அவர் நல்ல எண்ணத்துலதான் பண்றார். ஆனா டயர் ஆறினதும் அது 29. மறுநாள் ஊட்டி ஏறப்போறது அந்த 29-ல.

சூடான டயர்ல காத்தைத் திறந்து விடவே விடாதீங்க. இது ஒண்ணை மட்டும் ஞாபகம் வச்சுக்கிட்டாக்கூடப் போதும். சூடா இருக்கும்போதே ஸ்டிக்கர் நம்பரை விடக் கம்மியா காட்டுச்சுன்னா நிஜமாவே காத்து இல்லன்னு அர்த்தம். அப்ப ஸ்டிக்கரை விட மூணு நாலு பாயிண்ட் கூட்டிப் போட்டுட்டு, மறுநாள் காலைல சரி பண்ணிக்கோங்க.

(பங்க்ல காத்து இலவசமாக் குடுக்கணும்ங்கறது எண்ணெய் நிறுவனங்களோட விதி. பெட்ரோல் போட்டாத்தான்னு எல்லாம் கிடையாது. பைபாஸ்ல ஒரு பங்க்ல மெஷினுக்கு மேல சாக்கைப் போட்டு மூடி "ரிப்பேர்"னு எழுதி வச்சிருக்காங்க. நான் போறப்ப எல்லாம் ரிப்பேர்தான். ஆனா காத்து பிடிக்கற பெரியவர் இருக்கற பங்க்ல பத்து ரூபாய் குடுக்காம நான் வந்தது இல்ல. வெயில்ல குனிஞ்சு குனிஞ்சு நாலு டயருக்கும் பிடிக்கறது லேசான வேலை இல்ல.)

ஆறின டயர்ல பாக்கணும்னா பங்க்கை நம்ப முடியாது, அதனால சொந்தமா ஒரு கேஜ் வாங்கிடுங்க. சில நூறு ரூபாய்தான். முள்ளு வச்சது, பேனா மாதிரி இருக்கறது, நம்பர் காட்டறதுன்னு மூணு வகை இருக்கு. எல்லாத்தையும் வாங்கிப் பாத்ததுல எனக்கு முள்ளு வச்சதுதான் பிடிச்சிருக்கு. பேட்டரி தீராது, ராத்திரில மட்டும் செல்ஃபோன் லைட் வேணும். பேனா மாதிரி இருக்கறது டேஷ்போர்டுல கிடக்க வசதி, ஆனா ஒவ்வொரு தடவை ஒவ்வொண்ணு சொல்லுச்சு. எந்தக் கேஜா இருந்தாலும் ஒரே டயர்ல அடுத்தடுத்து வச்சுப் பாருங்க. ஒரே நம்பர் சொன்னா அது நம்பகமானது. வால்வுல நேரா வச்சு ஒரே அழுத்தா அழுத்தணும். புஸ்ஸுனு சத்தம் வந்துட்டே இருந்தா கேஜ் கோணலா இருக்குன்னு அர்த்தம்.

கூடவே சிகரெட் லைட்டர் சாக்கெட்ல சொருகற சின்னக் காத்து மெஷினும் வாங்கினோம். சத்தம் ஊரையே எழுப்பும், நாலஞ்சு பாயிண்ட் ஏத்தறதுக்குக் கொஞ்ச நேரம் எடுத்துக்கும். ஆனா ஆறின டயர்ல வீட்டு வாசல்லயே காத்து பிடிக்கலாம்ங்கறதுக்கு ஈடு இணை இல்ல.

இதுக்கு நாள் குறிக்கற பிரச்சினையை அத்தை தீத்து வச்சாங்க. எங்க வீட்டுல அமாவாசை அன்னிக்கு வண்டியைக் கழுவி, பொட்டு வச்சு, எலுமிச்சம்பழம் சுத்திப் போடுவாங்க. "அன்னிக்கே அந்தக் காத்தையும் பாத்துடேன்"னு சொன்னாங்க. மாசத்துக்கு ஒருதரம், மறக்கவே மறக்காது. நம்பரைத் தினசரி காலண்டர் தாள்லயே எழுதி வச்சுடுவேன். மூணு டயர் ஒரு பாயிண்ட் இறங்கி, ஒண்ணு மட்டும் அஞ்சு இறங்கியிருந்தா அதுல ஆணி இருக்கு, இல்ல வால்வு கசியுது. வால்வு வாய்ல எச்சில் தொட்டு வச்சா, கசிஞ்சா குமிழ் வரும். டியூப்லெஸ் டயர் ஆணியோடயே வாரக்கணக்குல ஓடும், நமக்குத் தெரியவே தெரியாது. கண்ணால பாத்து 33-க்கும் 27-க்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கறது ரேடியல் டயர்ல நடக்காத காரியம். காத்து சரியா இருந்தாலே அது லேசா பிதுங்கித்தான் நிக்கும்.

நைட்ரஜன் பத்தியும் சொல்லிடறேன், அதுவும் இதே மெசேஜோட வால் மாதிரி வரும். "நைட்ரஜன் சூட்டுல விரியாது." விரியும். எல்லா வாயுவும் விரியும். நாம மூச்சு விடற சாதாரணக் காத்துலயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். கடைல போடறதுல ஈரப்பதம் இருக்காது, கொஞ்சம் மெதுவா இறங்கும், அவ்வளவுதான். பிடிச்சா போட்டுக்கோங்க. ஆனா நைட்ரஜன் கிடைக்கலன்னு கம்மிக் காத்துல ஓட்டாதீங்க. சாதாரணக் காத்தை மேல நிரப்பினா ஒண்ணும் ஆகாது.

ஊட்டில நடந்ததைச் சொல்லணும். எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம்.

மலை ஏறினா காத்து ஏறும், அதனால கீழயே குறைச்சுடணும்னு ஒரு பேச்சு இருக்கு இல்லியா? நாமக்கல்ல காலைல 33 வச்சுட்டுக் கிளம்பினோம். ஊட்டி கடல் மட்டத்துல இருந்து 2,240 மீட்டர். மறுநாள் காலைல, மே மாசத்துலயும் ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு, மாமா முன்னாடி நிக்க கேஜ் வச்சேன். 34 காட்டுச்சு.

அங்க வெளிக்காத்து அழுத்தம் கம்மி. கேஜ் காட்டறது உள்ள இருக்கறதுக்கும் வெளிய இருக்கறதுக்கும் உள்ள வித்தியாசத்தை. அதனால மூணு பாயிண்ட் ஏறும். ஆனா ஊட்டிக் குளிர்ல உள்ள இருக்கற காத்து சுருங்குது இல்லியா, அதுல ரெண்டு ரெண்டரை இறங்கும். ரெண்டும் ஒண்ணை ஒண்ணு சரிக்கட்டி, மிச்சம் ஒரு பாயிண்ட். மாமா மறுபடி கேஜை வாங்கி நாலு டயரையும் பாத்தார். "மல ஒண்ணும் பண்ணல கண்ணு"ன்னார். எனக்கு ஊட்டி பாத்த சந்தோஷத்துல பாதி அதுதான்.

பாரம் ஏத்திட்டுப் போறவங்க ஸ்டிக்கர்ல முழு பாரம்னு இருக்கற வரிசையைப் பாக்கணும். பல வண்டில பின் டயருக்கு அங்க கூடுதலாப் போட்டிருப்பாங்க. அஞ்சு பேர், டிக்கி நிறைய சாமான்னா அந்த நம்பர்தான். திரும்பி வந்து ரெண்டு பேரா ஓட்டும்போது பழைய நம்பருக்கு வந்துடுங்க.

கடைசியா ஸ்டெப்னி. அதையும் தூக்கிப் பாத்துட்டுக் கிளம்புங்க. நடுராத்திரி பைபாஸ்ல கழட்டி மாட்டும்போதுதான் அதுல காத்தே இல்லன்னு தெரியும் பல பேருக்கு. நான் அதுல ரெண்டு மூணு பாயிண்ட் கூடவே வச்சிருப்பேன், குறைக்கறது சுலபம். சில வண்டில வர்ற ஒல்லி ஸ்டெப்னிக்குக் கணக்கே வேற. 60 பாயிண்ட் போடணும், 80-க்கு மேல ஓட்டக் கூடாதுன்னு அது மேலயே எழுதியிருக்கும். டிக்கில பையெல்லாம் அடுக்கறதுக்கு முன்னாடி பாத்துடுங்க, அப்புறம் யாரும் இறக்க விடமாட்டாங்க.